தவசிக்கீரை: நிழலில் தழைக்கும் கீரைச்செடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னையும் மாமரமும் பக்கத்து வீட்டு மதில் சுவரும் சேர்ந்து வெயிலை மறைத்துவிட்ட கொல்லையில் என்ன கீரை வரும் என்று பலர் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு நான் முதலில் சொல்வது தவசிக்கீரை. ஒருமுறை நட்டுவிட்டால் வருடக்கணக்கில் பறிக்கலாம். இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும் காலம் இதற்குக் கிடையாது. சமைத்தால் ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் இதைப் பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் யோசனைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே நீளமாக எழுதியிருக்கிறேன். செடி வளர்க்கும் எண்ணம் இல்லாதவர்களும் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

தவசிக்கீரை என்பது எந்தச் செடி? எப்படி அடையாளம் காண்பது?

நர்சரிகளில் 'மல்டிவைட்டமின் கீரை' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதேதான். கேரளத்தில் மதுரச்சீரை, வேலிச்சீரை, சிக்கூர்மானிஸ் என்பார்கள். மலேசியாவில் சாயுர் மானிஸ் அல்லது சேகூர் மானிஸ், இந்தோனேசியாவில் காதுக், வியட்நாமில் ராவ் ஙொட். தாவரவியல் பெயர் சௌரோபஸ் ஆண்ட்ரோகைனஸ். கீழாநெல்லி, நெல்லி இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆள் உயரத்துக்கு மேலும் வளரும் புதர்ச்செடி. மெல்லிய பச்சைத் தண்டின் இரண்டு பக்கமும் இலைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். இலை நீள்முட்டை வடிவத்தில் நுனி கூர்ந்து, கரும்பச்சையாக இருக்கும். சில சமயம் நடுவில் வெளிறிய சாம்பல் திட்டுகள் தெரியும். சந்தேகம் இருந்தால் கிளையைத் திருப்பிப் பாருங்கள். கீழாநெல்லியில் போலவே இதிலும் பூவும் காயும் இலைக்கு அடியில்தான் தொங்கும். பூ சின்னத் தட்டு மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். காய் வெள்ளையாக, கோலிக்குண்டு அளவில், தலையில் சிவப்புப் புல்லிவட்டத்தோடு தொங்கும். இந்தக் காயைப் பார்த்துவிட்டால் வேறு செடியோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

தவசி முருங்கையும் இதுவும் ஒன்றா?

இல்லை. தவசி முருங்கை வேறு செடி. ஆடாதொடையின் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன மூலிகை அது. சளி, இருமலுக்குக் கைவைத்தியமாகக் கொடுப்பார்கள். பெயர் பாதி ஒத்துப்போவதால் நர்சரியில் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு. வாங்கும்போது இலை அடுக்கைப் பார்த்து வாங்குங்கள்.

நிழலில் வரும் என்றால் எவ்வளவு நிழல்?

இந்தச் செடி தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தாழ்நிலக் காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்து பழகியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காட்டுச்செடியாக இருக்கிறது. மேலே இலைக்கூரை, இடையிடையே சிதறி விழும் வெளிச்சம், காற்றில் ஈரம், இவைதான் அதற்குப் பிடித்த சூழல். வீட்டில் அதற்கு நெருக்கமான இடம் தென்னந்தோப்பின் அடி, மாமரத்தின் ஓரம், வீட்டின் கிழக்குப் பக்கம், வடக்குச் சுவரோரம்.

காலையில் இரண்டு மூன்று மணி நேர வெயிலும் மீதி நேரம் வெளிச்சமான நிழலும் கிடைத்தால் இலை அகலமாக, கரும்பச்சையாக, மென்மையாக வரும். நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் செத்துப்போகாது. ஆனால் இலை சிறுத்து, வெளிறி, தடித்துவிடும். சித்திரை வெயிலில் ஓரம் கருகவும் செய்யும். கீரைக்காகத்தானே வளர்க்கிறோம், அதனால் எனக்கு நிழல் பக்கம்தான் சரி.

நிழல் என்பதற்காக இருட்டில் வைத்துவிடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழேயும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வானமே தெரியாத சந்திலும் கணு நீண்டு, தண்டு நோஞ்சானாகி, இலை எண்ணிக்கை குறைந்துவிடும். அந்த இடத்தில் நின்றுகொண்டு பகலில் விளக்கு இல்லாமல் செய்தித்தாள் வாசிக்க முடிந்தால் செடிக்கும் அந்த வெளிச்சம் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

விதை போடலாமா, குச்சி நடலாமா?

குச்சிதான். விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். கடையில் பாக்கெட்டில் வாங்கியது முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் பழைய விதையை வாங்கியவர்களே. சொந்தச் செடியில் பழுத்த காய் கிடைத்தால் கறுப்பு விதையை எடுத்து உடனே விதைத்துப் பாருங்கள், முளைக்கும்.

குச்சிக்குப் பென்சில் பருமனுள்ள, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டை எடுங்கள். நுனித் தளிர் அழுகிவிடும். ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி, அடியைச் சாய்வாக வெட்டுங்கள். இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். எந்தப் பக்கம் அடி, எந்தப் பக்கம் நுனி என்பது வெட்டிய பிறகு குழம்பிவிடும். அதனால்தான் அடியை மட்டும் சாய்வாக வெட்டச் சொல்கிறேன். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. நல்ல நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடித்துவிடும். முன்னதாகவே துளிர் வந்தாலும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் இருக்கும் சேமிப்பை வைத்தே துளிர் விடும், வேர் பிறகுதான் வரும்.

எந்த மாதத்தில் நடுவது நல்லது?

தண்ணீர் வசதி இருந்தால் எப்போதும் நடலாம். கோடையை மட்டும் தவிர்த்துவிட்டால் வேலை சுலபம். தென்மேற்குப் பருவமழை கிடைக்கும் கன்னியாகுமரி, தென்காசி, கோவைப் பக்கம் ஆனி, ஆடி பொருத்தமான காலம். சென்னை, கடலூர், டெல்டா மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் நடுவில் நட்டால் குச்சி அழுகும் வாய்ப்பு அதிகம்.

செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டு அடி விடுங்கள்.

மாடித்தோட்டத்தில், தொட்டியில் வருமா?

வரும். 12 அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள பை ஒரு செடிக்குப் போதும், 15 அங்குலம் என்றால் இரண்டு வைக்கலாம். செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் போதுமானது. மாடியில் இதற்கு எதிரி வெயிலோடு சேர்ந்து தரையிலிருந்து எழும் சூடு. நிழல்வலைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம், அல்லது பந்தலில் ஏறிய பாகல், புடலைக்கு அடியில் வையுங்கள். பந்தலுக்குக் கீழே சும்மா கிடக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி கிழக்கைப் பார்த்திருந்தால் கவலையே வேண்டாம். மேற்கைப் பார்த்திருந்தால் மதியத்துக்கு மேல் ஒரு மூங்கில் தட்டியாவது தொங்கவிடுங்கள்.

தண்ணீரும் உரமும் எவ்வளவு?

மேல்மண் காய்ந்தால் தண்ணீர். தரையில் வேரூன்றிய செடிக்கு வாரம் இரண்டு முறை ஊற்றினாலே போதும், தொட்டிக்குக் கோடையில் தினமும் வேண்டியிருக்கும். தண்ணீர் பற்றாவிட்டால் இலை தொங்கும், ஊற்றியதும் நிமிரும். அடிக்கடி அப்படி வாடவிட்டால் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரும்.

நாம் எடுப்பது இலை. அதனால் தழைச்சத்துதான் முக்கியம். மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அப்புறம் ஊறவைத்துக் கரைத்த கடலைப் பிண்ணாக்கைத் தெளியவிட்டு அந்தத் தண்ணீர். இவ்வளவே போதும். பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். தெளித்த பிறகு சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிப் பறியுங்கள். அடியில் தென்னை ஓலையோ சருகோ போட்டு மூடி வைப்பது உரத்தைவிடப் பெரிய உதவி. காட்டின் அடியில் சருகு மெத்தையில் நின்ற செடி இது.

செடி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடுகிறதே?

வெட்டாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். தண்டு மெல்லியது, மழைக்காலத்தில் தன் பாரத்தைத் தானே தாங்காது. பலர் இலையை மட்டும் கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறார்கள். அதனால்தான் கீழே மொட்டைத் தண்டும் எட்டாத உயரத்தில் ஒரு கொத்து இலையும் மிஞ்சுகிறது.

நட்டு மூன்று நான்கு மாதம் கழித்து, செடி இடுப்பளவு வந்ததும், முதலில் நுனியை வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று பக்கக் கிளை வரும். அவை ஒரு முழம் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் அரை அடிக்கு வெட்டுங்கள். இந்த வெட்டும் நுனிகள்தான் உங்கள் கீரை. இப்படியே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நுனியோடு பறித்துக்கொண்டே இருந்தால் செடி மூன்று அடி உயரத்தில் புதராக நிற்கும்.

வருடத்துக்கு ஒரு முறை, ஆடி வாக்கில், முழங்கால் உயரத்துக்கு எல்லாத் தண்டையும் கவாத்து செய்யுங்கள். பார்க்க மனது கஷ்டப்படும், ஆனால் அடியிலிருந்து புதுத் தண்டு கிளம்பும். வெட்டியதை எறியாதீர்கள். அவ்வளவும் நடுவதற்கான குச்சி. கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்.

வேலியாக வளர்க்கலாமா?

தாராளமாக. கேரளத்தில் வேலிச்சீரை என்ற பெயர் சும்மா வரவில்லை. ஒரு அடிக்கு ஒரு குச்சி நட்டு, நெஞ்சளவில் வெட்டிவிட்டுக்கொண்டே வந்தால் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும். ஆட்டைத் தடுக்கும் வேலி அல்ல இது. ஆடு வேலியையே தின்றுவிட்டுப் போகும்.

பூச்சி, நோய் என்ன வரும்?

கீரைகளிலேயே தொல்லை குறைந்தது. காற்றோட்டமில்லாத மூலையில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தண்டில் ஒட்டும். கொஞ்சமாக இருக்கும்போதே பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். மீறினால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். மழைக்காலத்தில் நத்தை வரும். நிழலும் ஈரமும் அதற்கும் பிடித்த இடமாயிற்றே. இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி, அதையும் கையுறை போட்டுச் செய்யுங்கள். சமையலறைக்குப் போகும் செடி, ரசாயன மருந்து வேண்டாம்.

உண்மையிலேயே மல்டிவைட்டமினா?

சத்தான கீரை என்பதில் சந்தேகமில்லை. நூறு கிராம் பச்சை இலையில் புரதம் 6 கிராமுக்கு மேல் இருப்பதாக உணவுச்சத்து அட்டவணைகள் காட்டுகின்றன. கீரைக்கு இது அதிகம். வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் கரோட்டின், வைட்டமின் சி, கால்சியம், இரும்பு எல்லாம் நல்ல அளவில் உண்டு. வைட்டமின் சி-யில் ஒரு பகுதி சமைக்கும்போது போய்விடும், பரவாயில்லை.

ஆனால் எல்லா வைட்டமினும் இதில் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பி12 எந்தக் கீரையிலும் கிடைக்காது. டி-க்கும் கீரையை நம்பி இருக்க முடியாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த இலையைச் சாப்பிடுவது தவறு.

பச்சையாக மென்று தின்னலாமா? ஜூஸ் குடிக்கலாமா?

வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தைவானில் நடந்தது.

1990களின் நடுவில், மலேசியாவிலிருந்து போன இந்தக் கீரை அங்கே உடல் இளைக்க உதவும் என்று பிரபலமானது. கொய்யா, அன்னாசிப் பழத்தோடு பச்சை இலையை அரைத்து, நாள்தோறும் பெரிய அளவில், வாரக்கணக்கில் குடித்தார்கள். குடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சில வாரங்களில் தூக்கமின்மை, படபடப்பு, இருமல் என்று தொடங்கி, நடந்தாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தார்கள். மருத்துவமனைகளில் சோதித்தபோது நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டிருந்தன. ஆங்கில மருத்துவத்தில் இதற்குப் பெயர் பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டரன்ஸ். பாதிக்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல். கீரையை நிறுத்திய பிறகும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் பெரிதாக உதவவில்லை. சிலர் இறந்தார்கள், சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்ய வேண்டி வந்தது. பின்னர் ஜப்பானிலும் இதே கீரையால் இதே பாதிப்பு பதிவானது.

இலையில் உள்ள பாப்பாவெரின் என்ற ஆல்கலாய்டின் மேல் முதலில் சந்தேகம் விழுந்தது. எந்தப் பொருள் காரணம் என்பது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. எனவே இவ்வளவு இலை பச்சையாகத் தின்றால் பாதுகாப்பு என்று அளவு சொல்ல யாராலும் முடியாது. 'தினமும் ஐந்து இலை வெறும் வயிற்றில்' என்று எழுதுகிறவர்கள் அந்த ஐந்தை எங்கிருந்து எடுத்தார்கள்? உடல் இளைக்க, சர்க்கரை குறைய என்று இந்த இலையை ஜூஸாகவோ பொடியாகவோ யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது குடித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே மூச்சுத்திணறல் இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் போய், இந்தக் கீரையைச் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் சமைத்துச் சாப்பிடுவது பாதுகாப்பா?

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே இது சந்தைக் கீரை. வேகவைத்து, மற்ற காய்களோடு முறைவைத்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவில் உண்பது அவர்கள் பழக்கம். தைவானில் நடந்தது அதற்கு நேரெதிர்: பச்சை, தினசரி, ஏராளம். அங்கே பாதிக்கப்பட்டவர்களில் சமைத்துத் தின்ற சிலரும் உண்டு என்பதால், சமைத்துவிட்டால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் வைத்திருக்கும் முறை இது: நன்றாக வேகவைத்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி இலை, வாரம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மற்ற நாள்களுக்கு அரைக்கீரை, முருங்கை, பொன்னாங்கண்ணி எல்லாம் இருக்கின்றன. ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்கள் இந்தக் கீரையை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு நல்லது என்கிறார்களே?

இந்தோனேசியாவில் பால் சுரக்க இந்தக் கீரையைத் தெளிந்த சூப்பாக வைத்துக் கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கே இதன் சாற்றை மாத்திரையாகவும் விற்கிறார்கள். வெந்த கீரையாக எப்போதாவது சாப்பிடுவது வேறு, செறிவூட்டிய மாத்திரையைத் தினம் விழுங்குவது வேறு. இரண்டாவதை மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளும் அப்படியே.

எப்படிச் சமைப்பது?

முதலில் ஆய்வது. நுனியைப் பிடித்துக்கொண்டு தண்டை அடிப்பக்கமாக உருவினால் இலையெல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடும். முருங்கைக்கீரை ஆயும் நேரத்தில் நாலில் ஒரு பங்கு போதும். நகத்தால் கிள்ளினால் ஒடியும் தண்டைச் சேர்த்துக்கொள்ளலாம், நாராக இழுத்தால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கீரையில் கசப்போ வழவழப்போ கிடையாது. பச்சைப் பட்டாணியை நினைவூட்டும் லேசான இனிப்பு உண்டு. வெந்த பிறகும் நிறம் கறுக்காது, அரைக்கீரை போல ஒரேயடியாகச் சுருங்கவும் செய்யாது. அதனால் எனக்கு மிகவும் பிடித்தது பாசிப்பருப்புக் கூட்டு. பருப்பை மஞ்சள்தூளோடு முக்கால் பதம் வேகவைத்து, நறுக்கிய கீரையைப் போட்டு, திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் உப்புப் போட்டு இறக்கி, தேங்காய் எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம் தாளியுங்கள். புளி சேர்க்காதீர்கள். இதன் இனிப்பு அதில் அடிபட்டுப்போகும்.

பொரியலுக்கு முற்றிய இலை என்றால் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவிட்டு, அப்புறம் தேங்காய்ப்பூ. முட்டை சேர்ப்பதும் நன்றாக இருக்கும்: கீரையை வெங்காயத்தோடு வதக்கி முழுதாக வெந்ததும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். மலேசியாவில் முட்டையோடு வதக்குவது வீட்டுச் சமையலில் சாதாரணம். பான் மீ என்ற நூடுல்ஸ் சூப்பில் மிதக்கும் கீரையும் பெரும்பாலும் இதுதான். வியட்நாமில் இலையைக் கையால் கசக்கி, அரைத்த இறைச்சியோ இறாலோ போட்டுச் சூப் வைப்பார்கள். கசக்குவதால் சீக்கிரம் மெத்தென்று வெந்துவிடும். இந்த உத்தியை நம் கூட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். அடை மாவில் பொடியாக நறுக்கிப் போடுகிறவர்கள் அடையை மெல்லியதாக ஊற்றி, மூடிவைத்து நன்றாக வேகவிடுங்கள்.

பறித்த கீரை எத்தனை நாள் தாங்கும்?

தண்டோடு ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள். உருவிய இலை மறுநாளே வாடும். செடி வாசலில் இருக்கும்போது சேமிக்க என்ன அவசியம்?

வெளிநாட்டில் இருக்கிறோம், அங்கே வளர்க்க முடியுமா?

சிங்கப்பூர், மலேசியாவில் கேட்கவே வேண்டாம். சந்தையில் கீரையாக வாங்கும் கட்டிலேயே பழுப்பேறிய தண்டு இருந்தால், இலையை உருவிச் சமைத்துவிட்டுத் தண்டை நட்டுவிடுங்கள், வேர் பிடிக்கும். கனடா, இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் வெளியே பனியைத் தாங்காது. கோடையில் வெளியே நிழலிலும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் நல்ல வெளிச்சமுள்ள சன்னலோரத்திலும் தொட்டியை மாற்றி வைத்துக் காப்பாற்றலாம். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும், அப்போது தண்ணீரைக் குறைத்து, பறிக்காமல் விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து பெட்டியில் குச்சி எடுத்துப்போவதற்குப் பெரும்பாலான நாடுகளில் தடை உண்டு. ஆசியக் காய்கறிக் கடைகளில் ராவ் ஙொட் என்று கேட்டுப் பாருங்கள், வியட்நாமியக் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் கிடைக்கும்.